இன்பராணி மிஸி போட்ட வழக்கு

இன்பராணி அக்காவை வேலையைவிட்டு நீக்கிய கடிதம் வந்த அன்று, நான் அவர் வீட்டில் ரவிக்கைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே ஹார்ன் அடித்தார். அக்கா போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி, வெயிலில் நின்றபடியே படித்தார். உள்ளே வந்து உறையை மேசைமேல் வைத்துவிட்டு, முன்பு நின்ற இடத்திலேயே நின்று கைகளைத் தூக்கினார்.

"எடும்மா."

எல்லா அளவும் எடுத்து எழுதினேன். நான் நாடாவைச் சுருட்டும்போதுதான், "என்னைப் பூவாங் பண்ணிட்டாங்க" என்றார்.

பூவாங். மலாயில் ஆளை வேலையைவிட்டு நீக்குவதற்கும் குப்பையைக் கொட்டுவதற்கும் அதே சொல்தான்.

எங்கள் தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு, ஜொகூர் பாருவில் தெப்ராவ் பக்கம். நானும் அக்காவும் ஒரே வரிசை, இடையில் இரண்டு வீடு. அவர் கணவர் சந்தனசாமி அண்ணன் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார். விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அக்காவுக்கு வேலை எதிர்த்திசையில். பண்டார் தெங்காராவையும் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன அரசாங்கக் கிளினிக்கில் தாதி. பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, ஊசி போடுவது. தாதியை எங்கள் ஊரில் மிஸி என்போம்; அங்கே எல்லோருக்கும் அவர் மிஸி. பக்கத்திலேயே மாற்றல் வாங்கிக்கொள் என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். "அங்க எந்த லயத்துல எந்த நாய் கடிக்கும்னு எனக்குத் தெரியும். இங்க வந்து எல்லாத்தையும் புதுசா கத்துக்கணும்" என்று மறுத்துவிடுவார்.

நீக்கியதற்குக் காரணம், அந்த ஆண்டு மார்ச் மாதம் அவர் பார்க்கப் போகாத ஒரு குழந்தை.

அந்த மார்ச்சில் மழை விடவே இல்லை. கிளினிக்கைச் சேர்ந்த தோட்டம் ஒன்றில் சுபத்திரா என்ற இளம்பெண் தலைப்பிள்ளையைப் பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பையன், பெயர் கவின். அக்கா முதல் தடவை போய்ப் பார்த்தபோது குழந்தையின் முகத்தில் லேசாக மஞ்சள் தெரிந்தது. பிறந்த குழந்தைகள் பலருக்கும் வருவதுதான். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், ஏறினால்தான் ஆபத்து. அதனால் நாள் தவறாமல் பார்க்க வேண்டும். "நாளைக்கு வந்து பாக்கறேன். பால் நல்லா குடு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் தோட்டத்து மண்சாலையில் இருந்த சிறுபாலம் தண்ணீருக்குள் போயிருந்தது. அக்கா காரை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் குடையோடு நின்றார். சுபத்திராவின் போன் அடிக்கவே இல்லை. அந்தப் பக்கம் மின்சாரம் போயிருந்தது. அப்போது தோட்டத்து டிராக்டர் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனது. அக்கா பிரேமளா சிஸ்டருக்குப் போன் போட்டார்.

பிரேமளா சிஸ்டர் கிளினிக்கில் தாதிகளுக்கெல்லாம் தலைமை. சிலோன்காரக் குடும்பம், அப்பாவும் தாத்தாவும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். எதையும் விதிப்படி செய்பவர் என்று பெயர் எடுத்தவர். அக்காவிடம் பிரியமாகத்தான் இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வரிசையில் அவருடைய வெள்ளைக் கார் நிற்பதை வருடாவருடம் பார்த்திருக்கிறேன்.

"சிஸ்டர், பாலத்துல இடுப்பளவு தண்ணி. ஒரு டிராக்டர் உள்ள போகுது. ஏறிப் போயிடவா?"

"வேணாம் இன்பா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? தண்ணி வடியட்டும், அப்புறம் போ."

அக்கா திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் வடிய நாளாயிற்று. அதற்குள் கவினுக்கு மஞ்சள் உச்சந்தலை முதல் பாதம்வரை ஏறிவிட்டது. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தவனைத் தீயணைப்புப் படகில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் உடம்பிலிருந்த இரத்தத்தை முழுக்க மாற்றிக் காப்பாற்றினார்கள். உயிர் தங்கியது. காது போய்விட்டது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். சுபத்திரா கோபப்படவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தி, "மிஸி, நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். 

குழந்தையின் குடும்பம் புகார் கொடுத்தது. துறையிலிருந்து அக்காவுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. வெள்ளம், டிராக்டர், சிஸ்டரிடம் பேசியது எல்லாவற்றையும் தமக்குத் தெரிந்த மலாயில் எழுதி அனுப்பினார். யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒழுங்கு நடவடிக்கை வாரியம் அவருடைய முகத்தைப் பார்க்காமலே முடிவு எடுத்தது. டிசம்பரில் அந்தக் கடிதம் வந்தது.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "கேஸ் போடலாமா, இல்ல விட்டுடலாமா?" என்பதுதான்.

"பென்சனும் போயிடும்ங்க" என்றார் அக்கா. பிறகு, "அது மட்டும் இல்ல. நான் போகவே முயற்சி பண்ணலன்னு எழுதியிருக்காங்க. அத அப்படியே விட்டா அதுதான் உண்மைன்னு ஆயிடும்" என்றார்.

கோயிலில், அதாவது எங்கள் பகுதி மாதா கோயிலில், யாரோ சொல்லி சாந்தினி என்ற வழக்கறிஞரிடம் போனோம். அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காததால் துணைக்கு நான். வீட்டிலிருந்தே தைப்பவளுக்கு எந்த நாளும் ஒன்றுதான். சாந்தினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கடிதங்களை இரண்டு முறை படித்தாள்.

"ஆன்ட்டி, இது சீராய்வு கேஸ். ஜூடிஷியல் ரிவியூன்னு சொல்வாங்க. மூணு மாசத்துக்குள்ள போடணும். போடறதுக்கே மொதல்ல கோர்ட்டுல அனுமதி கேக்கணும்."

"எப்போ நான் பேசணும்?"

"நீங்க பேச வேண்டியது இல்ல. எல்லாம் எழுத்துலதான். சத்தியம் பண்ணிக் குடுக்கற வாக்குமூலம்."

"அப்போ சிஸ்டரக் கூண்டுல நிக்க வச்சு கேக்க மாட்டாங்களா? அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு?"

சாந்தினி பேனாவைக் கீழே வைத்தாள். "மாட்டாங்க ஆன்ட்டி. நீங்க செஞ்சது சரியா தப்பான்னு இந்தக் கோர்ட்டு பாக்காது. வாரியம் முடிவெடுத்த விதம் சரியான்னு மட்டும்தான் பாக்கும்."

அக்கா தலையாட்டினார். வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போது, "அலமாக், அப்போ நடந்தது என்னன்னு எவன்தான் கேப்பான்?" என்றார்.

அனுமதி கிடைக்கவே சில மாதங்கள் ஆயின. அதன்பிறகு அரசாங்கத் தரப்பு தன் வாக்குமூலங்களைத் தாக்கல் செய்தது. அப்போதுதான் அக்கா முதன்முதலாக ஒன்றைப் பார்த்தார்: வெள்ளம் வடிந்த கையோடு பிரேமளா சிஸ்டர் துறைக்கு எழுதிய அறிக்கை. வாரியம் அதைப் படித்துத்தான் முடிவு எடுத்திருந்தது. இன்பராணி அன்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை, அவரை முன்பும் வாய்மொழியாக எச்சரித்ததுண்டு என்று இருந்தது. அதில் டிராக்டர் இல்லை, போன் இல்லை. இப்போது புதிதாகக் கொடுத்த வாக்குமூலத்தில், அப்படி ஒரு பேச்சு நடந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று சிஸ்டர் சத்தியம் செய்திருந்தார்.

சாந்தினிக்கு முகம் மலர்ந்தது. "இந்த ரிப்போர்ட்டை உங்களுக்குக் காட்டவே இல்லையா ஆன்ட்டி? இதுதான் நமக்கு வேணும். பதில் சொல்ல வாய்ப்பே குடுக்காம இத வச்சு முடிவெடுத்திருக்காங்க."

அக்காவின் முகம் மலரவில்லை. "எச்சரிக்கையா? ஒரு தடவ யூனிஃபார்ம் பட்டன் அறுந்து வந்ததுக்குச் சொன்னாங்க. அதுவா?" என்று கேட்டார். 

அந்த வாரமே ஒரு மாலையில் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு குளாய் ஊரில் இருந்த சிஸ்டர் வீட்டுக்குப் போனார். சிஸ்டர் கேட்டுக்கு உள்ளே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை.

"சிஸ்டர், உங்களுக்கு ஞாபகம் இல்லையா? ஒரே ஒரு தடவ என் முகத்தப் பாத்துச் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"கேஸ் நடக்குது இன்பா. பேசக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க." முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார். "நீ வந்திருக்கவே கூடாது."

தண்ணீர் தொட்டியை நிறைத்து வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடி எங்கள் செருப்புவரை வந்தது. நாங்கள் திரும்பிவிட்டோம்.

வழக்கு நடந்த காலம் முழுவதும் அக்கா தெப்ராவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது. பெரும்பாலும் சீனர்கள். அவர்களும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் குறைச்சல், முதுகுவலி அதிகம். வழக்குத் தேதிகள் வந்துகொண்டே இருந்தன, தள்ளிக்கொண்டே போயின. ஒரு முறை அரசாங்க வழக்கறிஞர் கூடுதல் அவகாசம் கேட்டார். ஒரு முறை நீதிபதிக்கே மாற்றல் ஆகிவிட்டது. புதிய நீதிபதி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள். இடையில் பல தேதிகள் கணினித் திரையிலேயே நடந்து முடிந்தன. சாந்தினி வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவாள்: தேதி மாறிவிட்டது, ஆன்ட்டி. அக்கா கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புவார். அந்தக் கட்டைவிரலை அனுப்புவதற்குக்கூடப் போகப்போகச் சலித்துக்கொண்டார்.

விசாரணை ஒரு வழியாக ஜொகூர் பாருவில் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அன்று அண்ணன் விடுப்பு எடுத்து வந்திருந்தார். மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். இரண்டு தரப்பும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் பேசினார்கள். அக்கா கோயிலுக்குப் போவதுபோல் சலவைப் புடவை கட்டி, கைகளை மடியில் வைத்திருந்தார். தம் பெயர் வரும் என்று காத்திருந்தார்போல. வரவில்லை. அங்கே அவர் 'மனுதாரர்' மட்டும்தான். கவினின் பெயரும் வரவில்லை. 'அந்தச் சம்பவம்' என்றார்கள்.

தீர்ப்புக்கு மீண்டும் ஒரு தேதி. அந்தத் தேதியும் ஒரு தடவை தள்ளிப்போய்ப் பிறகுதான் வந்தது. நீதிபதி நிதானமாக வாசித்தார். மனுதாரருக்குக் காட்டாத அறிக்கையை வைத்து வாரியம் முடிவெடுத்தது இயற்கை நீதிக்கு விரோதம். ஆகவே அந்த முடிவு செல்லாது. மனுதாரரை வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஜெயிச்சிட்டோமா?" என்று மெல்லக் கேட்டார். சாந்தினி திரும்பிப் பார்த்துச் சிரித்ததும்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

வெளித் தாழ்வாரத்தில் சாந்தினி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அக்கா கேட்டார்:

"பிள்ளைக்கு ஆனதுக்கு நான் காரணமா இல்லையான்னு ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

"அது இந்தக் கோர்ட்டு வேலை இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே ஆன்ட்டி." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணும் சொல்லிடறேன். அவங்க விரும்பினா மறுபடி மொதல்லருந்து விசாரிக்கலாம். இந்தத் தடவ ஒழுங்கா நடத்துவாங்க" என்றாள்.

"மறுபடியுமா?" என்றார் அண்ணன்.  அக்கா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. சில மாதங்கள் கழித்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் செய்தார்கள், ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவை வேறொரு கிளினிக்கில், ஆயர் ஈத்தாம் பக்கம், சேர்த்துக்கொண்டார்கள். சீருடை புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. பழையது தோளில் தொங்கியது. அளவு எடுக்கும்போது, "எளைச்சிட்டீங்கக்கா" என்றேன். "கெழவங்களத் தூக்கித் தூக்கிப் போட்டா நீயும் எளைப்பே" என்றார்.

புதிய இடத்தில் யாரும் அவரை மோசமாக நடத்தவில்லை. ஆனால் கேஸ் போட்டு வந்தவர் என்பது அவர் வருவதற்கு முன்பே அங்கே தெரிந்திருந்தது. அவர் அறைக்குள் வந்தால் பேச்சு ஒரு கணம் நின்று வேறு பக்கம் திரும்பும். தாதிகளின் தலைமையாக இருந்த பெண் எதற்கெடுத்தாலும் அவரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் எழுதித் தந்தார். சாப்பிடப் போகலாமா என்பதைக்கூட ஒரு நாள் குறுஞ்செய்தியாக அனுப்பினாராம். விசாரணை மறுபடி வருமோ என்று அக்கா முதல் சில மாதங்கள் தினமும் எதிர்பார்த்தார். வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் தாதிகளுக்குப் பயிற்சி நடந்தது. இடைவேளையில் அக்கா தட்டோடு ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தபோது, பிரேமளா சிஸ்டர் காப்பிக் கோப்பையோடு வந்து எதிரே அமர்ந்தார். இதை அக்கா அன்று மாலை என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"நல்லா இருக்கியா இன்பா?"

"இருக்கேன் சிஸ்டர்."

"நான் அடுத்த வருஷம் பென்சன்." கொஞ்ச நேரம் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தாராம். "வீட்டு விசிட் நடந்துச்சா இல்லையான்னு கேட்டு எழுதச் சொன்னாங்க. நடக்கல. அத எழுதினேன்."

"போன்ல பேசினதும் நடந்ததுதானே சிஸ்டர்."

"அத எழுதியிருந்தா உனக்கு வந்த லெட்டர் என் வீட்டுக்கு வந்திருக்கும்."

"ஆமா. வந்திருக்கும்."

 சிஸ்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார்.

"நீங்க நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்க வேணாமாக்கா?" என்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"கேக்கறதுக்குத் தெம்பு வேணும்மா. கறிபாப் சூடா இருந்துச்சு. சாப்பிட்டேன்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, "சுபத்திராவப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். நான்தான் கார் ஓட்டினேன். அவர்கள் தோட்டத்தைவிட்டுப் பண்டார் தெங்காராவில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்திருந்தார்கள். கவின் வளர்ந்துவிட்டான். இரண்டு காதிலும் நீலநிறக் கருவி. தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் லோரிகளை மோதவிட்டுக்கொண்டிருந்தான். மோதும் சத்தத்துக்கு அவன் கண் சிமிட்டவில்லை.

சுபத்திரா மைலோ கலக்கிக் கொடுத்தாள். கேஸ் முடிந்ததை அக்கா சொன்னார். "அப்படியா மிஸி, நல்லது" என்றாள்.  கோப்பை பாதி ஆனதும் அக்கா சொன்னார்:

"சுபத்திரா, அன்னைக்குப் பாலத்துகிட்ட ஒரு டிராக்டர் உள்ள வந்துச்சு. வேணாம்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். அதுல நான் ஏறியிருக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுபத்திரா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அதெல்லாம் இல்லை மிஸி' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏறியிருக்கலாம் மிஸி" என்றாள். "அந்த டிராக்டர்லதான் எங்க வீட்டுக்காரரு வேலையிலருந்து வந்தாரு. ஒண்ணும் ஆவல."

அக்கா தலையைக் குனிந்து, "ஆமாம்மா" என்றார்.  கவின் ஒரு லோரியைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தான். அக்கா அதை அவன் முதுகில் மெல்ல ஓட்டினார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. புறப்படும்போது சுபத்திரா கேட்டுவரை வந்தாள். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

 திரும்பும் வழியில் அக்காவை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. பல வருடங்களாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், கடைசியில் பதில் கிடைத்தபின் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

அடுத்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் அதிர்ச்சி. வயதும் சேவையும் இருந்ததால் பென்சனுக்குக் குறைவில்லை. ஆனாலும் இவ்வளவு அலைந்து வாங்கிய வேலை. கோயில் வாசலில் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "இதுக்கா இத்தன நாளு கேஸு நடத்துனீங்க?"

"ஆமா" என்றார் அக்கா. "அவங்க வெரட்டிப் போகக்கூடாது லா. நானா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

கடைசி நாளில் கிளினிக்கில் கேக் வெட்டினார்கள். எழுதித் தருகிற அந்தத் தலைமைத் தாதிகூட வாய்திறந்து நாலு நல்ல வார்த்தை சொன்னாராம். அண்ணன் போய் அழைத்து வந்தார். தெப்ராவ் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு அவர்கள் வீடு வந்து சேர நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை, தைத்து முடித்த ஒரு ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை; கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தார்.

"இன்னும் தூங்கறா தங்கச்சி" என்றார். "இப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. எழுப்ப வேணாம்."

ரவிக்கையை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.